மொத்தம் சரி, உள்ளே நாலு தப்பு: ஒரு முதலீட்டு ஷீட்டைப் பிரித்துப் பார்த்தது

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கும் என் பெரியப்பா மகன், 2015லிருந்து பங்குகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் வாங்கி வருகிறார், எல்லாவற்றையும் ஒரே கூகுள் ஷீட்டில் எழுதியும் வருகிறார். அந்த ஷீட்டின் மேல் கட்டத்தில் பச்சை நிறத்தில் ஒரு எண் இருக்கும்: போட்டது 21,05,000, இன்றைய மதிப்பு 34,10,000, லாபம் 62 சதவீதம். பொண்ணு காலேஜ் செலவுக்கு எதை விற்பது என்று யோசிக்க ஆரம்பித்தபோதுதான் ஷீட்டை என்னிடம் அனுப்பி, "தம்பி, இதுல எதை முதல்ல எடுக்கலாம்னு பாத்து சொல்லு" என்றார். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். தொகைகளைச் சற்று மாற்றியிருக்கிறேன், சிக்கல்கள் அப்படியே இருக்கின்றன.

பங்குகளை மின்னணுக் கணக்கில் வைத்திருக்கும் அமைப்பான டெபாசிட்டரியிலிருந்து மாதாமாதம் மெயிலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை வைத்து ஷீட்டைச் சரிபார்த்தேன். பான் நம்பர்தான் பாஸ்வேர்டு. எல்லா டீமேட் (மின்னணுப் பங்கு) கணக்குகளும் ஃபண்டு யூனிட்டுகளும் ஒரே இடத்தில் வந்துவிடும். பலர் அதைத் திறப்பதே இல்லை. அதன்படி உண்மையான மதிப்பு 34,45,480. ஷீட்டுக்கும் இதற்கும் 35,480 ரூபாய்தான் வித்தியாசம், அதாவது ஒரு சதவீதம். இந்த அளவுக்கு யாரும் கவலைப்பட மாட்டார்கள், விலை ஏறி இறங்குவதில் ஒரே நாளில் காணாமல் போகும் தொகை.

ஆனால் வரிசை வரிசையாகப் பார்த்தால் நாலு பெரிய தப்பு இருந்தது. இரண்டு மதிப்பைக் குறைத்துக் காட்டின, இரண்டு கூட்டிக் காட்டின. குறைத்தது மொத்தம் 2,67,480. கூட்டியது 2,32,000. ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டதால் மேலே எல்லாம் சுகமாகத் தெரிந்தது. வெறும் தற்செயல்தான்.

முதல் தப்பு, ஒரு ஃபண்டின் மதிப்பு பூஜ்யம். ஷீட்டில் ஃபண்டு விலையை எடுக்க அவர் ஃபண்டு கம்பெனிகளின் சங்கமான ஆம்ஃபி தினமும் வெளியிடும் என்ஏவி (ஒரு யூனிட்டின் விலை) கோப்பைப் பயன்படுத்தினார், அது நல்ல வழிதான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வரிசைகள், நடுவில் அரைப்புள்ளி போட்டுப் பிரித்த சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. ஸ்கீம் கோட், ஐஎஸ்ஐஎன் என்ற அடையாள எண், பெயர், என்ஏவி, தேதி எல்லாம் இருக்கும். அவர் ஸ்கீமின் பெயரை வைத்துத் தேடும்படி வீலுக்கப் என்ற தேடல் ஃபார்முலா எழுதியிருந்தார். 2023 மார்ச்சில் ஐடிஎஃப்சி மியூச்சுவல் ஃபண்ட் பந்தன் மியூச்சுவல் ஃபண்ட் ஆனது, ஸ்கீம்களின் பெயரெல்லாம் மாறின, தேடல் தோற்றது. பிழை வந்தால் அசிங்கமாக இருக்கிறதே என்று எப்போதோ இஃப்எரர் ஃபார்முலா போட்டு, பிழை வந்தால் 0 என்று எழுதி வைத்திருந்தார். அவ்வளவுதான், 1,86,000 ரூபாய் ஃபண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் பூஜ்யமாகவே கிடந்தது. 2022 நவம்பரில் எல்&டி ஃபண்டுகள் எச்எஸ்பிசி பெயருக்குப் போனபோது அதை வைத்திருந்தவர்களுக்கும் இதே கதை நடந்திருக்கும். ஸ்கீம் கோடை வைத்துத் தேடியிருந்தால் பெயர் மாற்றம் தொட்டிருக்காது. அப்புறம் அந்த இஃப்எரர்: பணக் கணக்கில் பிழையை மறைக்கிற ஃபார்முலா மாதிரி ஆபத்தானது எதுவும் இல்லை. கட்டம் சிவப்பாகக் கத்தட்டும், கத்தினால்தான் போய்ப் பார்ப்போம்.

இரண்டாவது, ஏஜென்ட் மூலம் வாங்கிய ரெகுலர் பிளான் யூனிட்டுகளுக்கு, ஏஜென்ட் இல்லாமல் வாங்கும் டைரக்ட் பிளானின் என்ஏவி. இரண்டும் ஒரே ஃபண்டு, ஒரே மேனேஜர், பெயரின் கடைசியில் ஒரு சொல்தான் மாறும். ஆனால் 2013 ஜனவரியில் டைரக்ட் பிளான்கள் வந்ததிலிருந்து கமிஷன் வித்தியாசம் வருஷா வருஷம் சேர்ந்து, இரண்டின் என்ஏவிக்கும் இடையில் பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. இவருக்கு இந்த ஒரு ஃபண்டில் மட்டும் 80,000 ரூபாய் அதிகமாகக் காட்டியது. இதைச் சொன்னதும் அண்ணன் கேட்ட கேள்வி, "அப்ப இந்த 80,000 யாருக்குப் போச்சு?" என்பதுதான். அது வேறு பஞ்சாயத்து, இங்கே வேண்டாம்.

மூன்றாவது சாதாரணமானது. இரண்டாவது டீமேட் கணக்கிலிருந்து விற்ற 1,52,000 ரூபாய்ப் பங்கு ஷீட்டில் இன்னும் உட்கார்ந்திருந்தது.

நான்காவதுதான் சுவாரசியமானது, கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

2019இல் எச்டிஎஃப்சி லிமிடெட் பங்கு 50 வாங்கியிருந்தார், ஒன்று 2,000 ரூபாய் வீதம் ஒரு லட்சம். 2023 ஜூலையில் அது எச்டிஎஃப்சி பேங்க்கோடு இணைந்தது, 25 பங்குக்கு 42 பேங்க் பங்கு கொடுத்தார்கள். 50க்கு 84. இதை அவர் சரியாகவே மாற்றியிருந்தார், 84 பங்கு, சராசரி 1,190 ரூபாய் 48 காசு. 2025 ஆகஸ்டில் பேங்க் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது, அதாவது கையிலிருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் காசில்லாமல் இன்னொரு பங்கு. விலை பாதியானது, கூகுள்ஃபைனான்ஸ் ஃபங்ஷன் அந்தப் பாதி விலையை உடனே கொண்டுவந்து போட்டது, ஆனால் எண்ணிக்கை 84 என்றே இருந்தது. விலையை 970 என்று வைத்துக்கொள்வோம். 84 பங்கு, 81,480 ரூபாய், 18.5 சதவீதம் நஷ்டம் என்று சிவப்பில் காட்டியது. உண்மையில் கணக்கில் 168 பங்கு, 1,62,960 ரூபாய், 63 சதவீத லாபம். "பேங்க் பங்கு படுத்துடுச்சு, அதை வித்துடலாமா" என்று அவர் என்னிடம் கேட்டதே இந்த ஒரு வரிசையைப் பார்த்துத்தான்.

சரி, 168 என்று திருத்திவிட்டால் முடிந்ததா? இல்லை. அவர் பழக்கப்படி சராசரியையும் பாதியாக்கி 595 ரூபாய் 24 காசு என்று போட்டார், லாபம் 62,960 என்று வந்தது. லாபம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அது போதும். வரிக்குப் போதாது. வருமான வரிக் கணக்கில் போனஸ் பங்குக்கு அடக்கவிலை பூஜ்யம், அதை வாங்கிய தேதி போனஸ் வந்த தேதி. பழைய 84 பங்குக்கு அந்த ஒரு லட்சமும் அப்படியே நிற்கும். ஆக போனஸ் வந்து ஒரு வருஷத்துக்குள் 168ஐயும் விற்றால், பழைய 84இல் 18,520 ரூபாய் நீண்டகால நஷ்டம், புதிய 84இல் 81,480 ரூபாய் முழுவதும் குறுகியகால லாபம். குறுகியகால லாபத்துக்கு 2024 ஜூலை 23லிருந்து 20 சதவீதம், ஆக 16,296 ரூபாய், வரியின் மேல் போடும் செஸ் தனி. இதில் இன்னொரு முள் இருக்கிறது: நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தோடு மட்டும்தான் கழிக்க முடியும், குறுகியகால லாபத்தோடு முடியாது. அதனால் அந்த 18,520 இங்கே உதவிக்கு வராது. எட்டு வருஷம் வரை தூக்கிச் செல்லலாம், அவ்வளவுதான். போனஸ் பங்குகள் 12 மாதம் தாண்டிவிட்டால் இரண்டுமே நீண்டகாலம், நஷ்டமும் லாபமும் கழிந்து 62,960 மிஞ்சும், வருஷத்துக்கு 1,25,000 வரை வரி இல்லை என்ற வரம்புக்குள் அது அடங்கியும் விடும், அந்த வருஷம் வேறு லாபம் எடுக்காமல் இருந்தால். ஒரே பங்கு, ஒரே விலை. எப்போது விற்கிறோம் என்பதற்கு விலை 16,000 ரூபாய்.

"சராசரி விலை" என்ற ஒரே ஒரு கட்டத்தில் இந்த விஷயம் எப்படி நிற்கும்? நிற்காது.

ரிலையன்ஸிலும் இதே மாதிரி ஒன்று. 2021இல் 100 பங்கு, இரண்டு லட்சத்துக்கு. 2023 ஜூலையில் ஜியோ ஃபைனான்ஷியல் தனிக் கம்பெனியாகப் பிரிந்து, ஒரு பங்குக்கு ஒன்று என்று 100 பங்கு வந்தது. அண்ணன் அதை "இலவசம்" என்று அடக்கவிலை 0 போட்டிருந்தார். ஆனால் பிரிவினையில் எதுவும் இலவசம் இல்லை, பழைய அடக்கவிலையையே பங்கு போட வேண்டும். கம்பெனி அறிவித்த விகிதம் ரிலையன்ஸுக்கு 95.32 சதவீதம், ஜியோவுக்கு 4.68. அப்படியானால் ஜியோவின் அடக்கம் 9,360, ரிலையன்ஸின் அடக்கம் 1,90,640. அது போனஸ் இல்லை என்பதால் வாங்கிய தேதியும் பழைய 2021 தேதிதான். 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று கொடுத்தது போனஸ், அதற்குப் பூஜ்யம் சரி. இரண்டும் டீமேட்டில் ஒரே மாதிரிதான் வந்து விழும், ஒரு காலைப் பொழுதில் எண்ணிக்கை கூடியிருக்கும், ஷீட்டில் மட்டும் வேறு வேறாக எழுத வேண்டும். 2025 ஜனவரியில் ஐடிசி ஓட்டல்ஸ் பத்துக்கு ஒன்று என்று பிரிந்ததும் ஜியோ மாதிரி பிரிவினை வகைதான்.

புது ஷீட்

பழைய ஷீட்டின் அடிப்படைக் கோளாறு, அது கையிருப்புப் பட்டியல். ஒரு பங்குக்கு ஒரு வரிசை, ஏதாவது நடந்தால் அந்த வரிசையை அழித்து எழுதுவது. அழித்ததும் முன்பு என்ன இருந்தது என்பதற்கு ஆதாரம் போய்விடும். மளிகைக் கடை அண்ணாச்சி கூட நோட்டில் அடித்து எழுதாமல் அடுத்த வரியில்தான் எழுதுவார்.

அதனால் புதிதாக ஒரே ஒரு தாளில் பரிவர்த்தனைகளை மட்டும் எழுதினோம். தேதி, எந்தக் கணக்கு, எந்தப் பங்கு அல்லது ஸ்கீம் கோட், வகை, எண்ணிக்கை, கையை விட்டுப் போன அல்லது வந்த மொத்தத் தொகை, குறிப்பு. வகையில் வாங்கல், விற்றல், டிவிடெண்ட், போனஸ், பிரிவினை, இணைப்பு. மேலே சொன்ன எச்டிஎஃப்சி இப்படி வரும்: 2019இல் வாங்கல், 50, ஒரு லட்சம் போனது. 2023 ஜூலையில் இரண்டு வரிசை, எச்டிஎஃப்சி லிமிடெட்டில் 50 கழிவு, பேங்க்கில் 84 சேர்க்கை, தொகை இரண்டிலும் பூஜ்யம், குறிப்பில் பழைய அடக்கமும் தேதியும். 2025 ஆகஸ்டில் போனஸ், 84, தொகை பூஜ்யம். எதையும் அழிக்கவில்லை. கையிருப்பு என்பது எண்ணிக்கைகளைச் சம்இஃப் ஃபார்முலா கூட்டித் தருவது, கையால் யாரும் தொடக் கூடாது. அந்தத் தாளுக்குப் பூட்டே போட்டாயிற்று.

விலை என்ற நெடுவரிசை கிடையாது, மொத்தத் தொகைதான். புரோக்கரேஜ், முத்திரைத் தீர்வை எல்லாம் சேர்ந்து கையிலிருந்து என்ன போனதோ அது. பங்கு பரிவர்த்தனை வரியான எஸ்டிடியை மட்டும் தனி நெடுவரிசையில் போட்டோம். வருமானம் கணக்கிடும்போது அதுவும் செலவுதான், ஆனால் மூலதன ஆதாய வரிக்கு அதைக் கழிக்க விட மாட்டார்கள்.

பழைய பரிவர்த்தனைகளை ஏற்றியதில் கஷ்டப்படுத்தியது தேதி. புரோக்கரிடமிருந்து இறக்கிய கோப்பில் நாள்-மாதம்-வருஷம், ஷீட்டின் இடம் அமெரிக்கா என்று இருந்ததால் அது மாதம்-நாள்-வருஷம் என்று படித்தது. 13-07-2023ஐ அதனால் தேதியாகவே புரிந்துகொள்ள முடியவில்லை, எழுத்தாக விட்டுவிட்டது. அது பரவாயில்லை, பிழை தெரியும். 05-07-2023ஐ மே 7 என்று எடுத்துக்கொண்டது, இது தெரியவே தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி, கட்டத்தில் இடதுபக்கம் ஒட்டியிருந்தால் எழுத்து, வலதுபக்கம் ஒட்டியிருந்தால் தேதி, ஒரே நெடுவரிசையில் இரண்டும் கலந்திருந்தால் மொத்தமும் சந்தேகம். செட்டிங்ஸில் இந்தியா என்று மாற்றிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினோம். மாற்றினால் பழைய தப்புத் தேதிகள் தானாகத் திருந்தாது, கவனம்.

மாதாமாதம் ஃபண்டில் போடும் எஸ்ஐபியில் ஒரு சின்ன விஷயம். மாதம் 10,000 போட்டால் 10,000க்கு யூனிட் வராது. 2020 ஜூலையிலிருந்து 0.005 சதவீதம் முத்திரைத் தீர்வை, ஆக 9,999 ரூபாய் 50 காசுக்குத்தான். என்ஏவி 50 என்றால் 200 யூனிட் இல்லை, 199.990. அண்ணன் 10,000ஐ என்ஏவியால் வகுத்து யூனிட்டைத் தானே கணக்கிட்டுக்கொண்டிருந்ததால் அறிக்கையோடு இரண்டாவது தசமத்தில் ஒட்டவே இல்லை. காசு பெரிதில்லை. ஆனால் "ஷீட் கழித்தல் அறிக்கை" என்ற நெடுவரிசை சரியாகப் பூஜ்யம் காட்டினால்தான் மற்ற தப்புகள் கண்ணில் படும், எப்போதும் 0.01 காட்டிக்கொண்டிருந்தால் நாளடைவில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

ஐஎஸ்ஐஎன் எண்ணை நிரந்தர அடையாளமாக நம்பி எல்லாவற்றையும் அதில் கட்டலாம் என்று தோன்றும். ஃபண்டுக்கு ஓரளவு சரி. பங்குக்கு, முகமதிப்பை (பங்கின் மேல் குறித்த அடிப்படை மதிப்பை) பிரித்தால் ஐஎஸ்ஐஎன் மாறிவிடும். 2022 ஜூலையில் டாடா ஸ்டீல் 10 ரூபாய் முகமதிப்பை 1 ரூபாயாகப் பிரித்தபோது மாறியது. அதனால் நாமே ஒரு சுருக்கப் பெயர் வைத்துக்கொண்டு, அதற்கு எதிரே இப்போதைய எண்ணை எழுதும் ஒரு தனித் தாள் போதும்.

62 சதவீதம் என்ன ஆயிற்று

62 சதவீதம் என்பதில் காலமே இல்லை. ஒரு ரூபாய் நாலு வருஷத்தில் 1.62 ஆனால் ஆண்டுக்கு 12.8 சதவீதம். எட்டு வருஷத்தில் ஆனால் 6.2, அரசின் சேமிப்புத் திட்டமான பிபிஎஃபின் 7.1ஐ விடக் குறைவு. பணம் ஒரே நாளில் போகாமல் மாதாமாதம் போனால், தேதிகளை வைத்து ஆண்டு வருமான விகிதம் சொல்லும் எக்ஸ்ஐஆர்ஆர் ஃபங்ஷன்தான் வழி: போனது எல்லாம் கழித்தல் குறியோடு, வந்தது எல்லாம் கூட்டல் குறியோடு, கடைசி வரிசையில் இன்றைய மதிப்பு கூட்டலில், பக்கத்தில் தேதிகள்.

பரிவர்த்தனைத் தாள் இருந்ததால் இது அரை மணி நேர வேலை. மொத்தம் 10.6 சதவீதம் வந்தது. பிரித்துப் பார்த்தால் ஃபண்டுகள் 12.9, நேரடிப் பங்குகள் 7.8. பங்குகள் இவ்வளவு கீழே போனதற்குக் காரணம் பழைய ஷீட்டில் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. 2020இல் ஒரு தனியார் வங்கிப் பங்கை முக்கால்வாசி நஷ்டத்தில் விற்றிருந்தார், இன்னும் சிலதும் அப்படி. விற்றதும் வரிசையை அழித்துவிட்டார். கையிருப்பு மட்டும் உள்ள ஷீட்டில் தோற்றவை எல்லாம் வெளியேறிவிடும், பிழைத்தவை மட்டும் நின்று பச்சை காட்டும். டிவிடெண்டும் அதில் இல்லை, அதைச் சேர்த்த பிறகுதான் 7.8. அதுவும் இல்லாவிட்டால் இன்னும் கீழே.

இன்னொரு நெடுவரிசை சேர்த்தேன். ஒவ்வொரு பங்கு வாங்கிய நாளிலும் அதே தொகைக்கு ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு (ஐம்பது பெரிய கம்பெனிகளின் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்டு) வாங்கியிருந்தால் எத்தனை யூனிட், விற்ற நாளில் அதே தொகைக்கு எத்தனை யூனிட் போயிருக்கும், மிச்சம் இன்று என்ன மதிப்பு. அன்றன்றைய என்ஏவி ஆம்ஃபி தளத்திலேயே கிடைக்கும். அந்தக் கற்பனைக் கணக்கு 13 சதவீதத்தைத் தொட்டது. அண்ணன் வெகு நேரம் பார்த்துவிட்டு, "அந்த நெடுவரிசையை மறைச்சு வை தம்பி, அழிச்சுடாத" என்றார். மறைத்து வைத்திருக்கிறேன்.

எக்ஸ்ஐஆர்ஆரை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். போன மாதம் வாங்கியது 3 சதவீதம் ஏறியிருந்தால் அது ஆண்டுக்கு 42 சதவீதம் என்று பெருக்கிக் காட்டும். ஒரு வருஷம் ஆகாதவற்றுக்கு ரூபாய்க் கணக்கு மட்டும் போதும் என்று கட்டத்தையே காலியாக விட்டோம். தங்கப் பத்திரத்தின் 2.5 சதவீத வட்டி வெளியீட்டு விலைக்குத்தான், இன்றைய விலைக்கு இல்லை, அதையும் வந்த தேதியில் வந்த தொகையாக எழுதினால் குழப்பம் இல்லை. இருபது வருஷ எண்டோமென்ட் ஆயுள் காப்பீட்டு பாலிசி ஒன்றையும் ஆர்வத்தில் போட்டுப் பார்த்தோம், ஐந்து சதவீதம் சொச்சம். அதைப் பற்றிப் பேச்சு வளரவில்லை.

நேரலை விலையை ஷீட்டிலிருந்து நீக்கிவிட்டேன், இதில்தான் எங்களுக்குள் சண்டை. கூகுள்ஃபைனான்ஸ் இருபது நிமிஷம் வரை தாமதமான விலையைத் தரும், பத்து வருஷத்துக்கு வைத்திருக்கும் பங்குக்கு அது தேவையே இல்லை, மேலும் அந்த போனஸ் விவகாரத்தில் பீதியைக் கிளப்பியதே எண்ணிக்கை நிற்க, விலை மட்டும் தானாக ஓடியதுதான். இப்போது மாதம் ஒரு முறை, அறிக்கை வந்த பிறகு, அதே தேதியின் விலையை ஒட்டுவது. எண்ணிக்கையும் விலையும் ஒரே நாளுடையதாக இருக்கும்.

எதை விற்பது என்ற முதல் கேள்விக்கு வருவோம். நீண்டகால லாபம் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு லாட் வாரியாக, அதாவது ஒவ்வொரு முறை வாங்கியதையும் தனித்தனியாகக் காட்டும் ஒரு தாள் தேவைப்பட்டது. முதலில் வந்தது முதலில் போகும் என்ற விதி ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனி. இவருக்கு இரண்டு கணக்கு, ஒரே பங்கு இரண்டிலும் இருக்கிறது. பழைய கணக்கிலிருந்து விற்றால் பழைய விலை, புதியதிலிருந்து விற்றால் புதிய விலை, தேர்வு இவர் கையில். இதை ஃபார்முலாவில் எழுத முயல்பவர்கள் முயலட்டும். வருஷத்துக்கு நாலைந்து முறை விற்கிற மனிதருக்கு நான் அதைக் கையாலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன், லாட் தேதி, மிச்ச எண்ணிக்கை, அடக்கம், 12 மாதம் முடியும் நாள்.

முடிவாக இந்த வருஷக் கட்டணத்துக்கு அந்த ரெகுலர் பிளான் ஃபண்டின் பழைய யூனிட்டுகளை 1,25,000 லாபம் வரும் வரை மட்டும் எடுக்கிறார். பேங்க் பங்கு 168ம் அப்படியே, 2026 ஆகஸ்ட் தாண்டும் வரை தொடுவதில்லை. மாதாந்திர அறிக்கையை ஒட்டிப் பார்க்கும் வேலையைப் பொண்ணிடம் கொடுத்திருக்கிறார், அவள் பி.காம். சேர்ந்திருக்கிறாள், வந்த முதல் மாதமே ஒரு டிவிடெண்டில் முன்கூட்டியே பிடித்த வரியான டிடிஎஸ், வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் இருக்கிறது, ஷீட்டில் இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னாள். டிவிடெண்டை வங்கிக்கு வந்த தொகையாக எழுதியிருந்தோம், இப்போது முழுத் தொகையும் பிடித்ததும் தனித்தனி நெடுவரிசையில்.